ஆலன் கார்மாக்: ஆஸ்பத்திரிக்குப் போன இயற்பியல் வாத்தியார்

பழைய மாணவர் சங்கக் கூட்டத்துக்கு நான் வரும்போதெல்லாம் இயற்பியல் துறை வராந்தாவில் இரண்டு மூன்று பேராவது என்னை மடக்கி நிறுத்துவார்கள். கேட்பது ஒரே கேள்விதான். மெடிக்கல் பிசிக்ஸ் பக்கம் போகணும் சார், இளங்கலையில் என்ன எடுத்திருக்கணும்? பி.எஸ்ஸி. பிசிக்ஸ் எடுத்தது சரிதானா, இல்லை பயோமெடிக்கல் எஞ்சினியரிங் போயிருக்கணுமா? கேட்பவர்களில் பாதிப் பேர் முகத்தில் மெடிக்கல் சீட் கை நழுவிப்போன வருத்தம் இன்னும் ஈரமாக இருக்கும். எனக்கும் ஒரு காலத்தில் அந்த வருத்தம் இருந்ததுதான். அதனால் நின்று பதில் சொல்லாமல் போக மனசு வராது.

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டதும் அந்த வராந்தாப் பதிலையே கொஞ்சம் விரிவாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் வெறும் விதிமுறைகளாக எழுதினால் யார் படிக்கப் போகிறார்கள்? ஆகவே ஒரு மனிதரின் கதையாகச் சொல்கிறேன். சி.டி. ஸ்கேன் என்ற சொல் இன்று சின்ன ஊர்களின் லேப் போர்டுகளில்கூட இருக்கிறது. அதற்கு அடிப்படையான கணக்கைப் போட்டவர் டாக்டர் இல்லை, எஞ்சினியரிங்கில் சேர்ந்து பாதியில் விட்டவர், பிஎச்.டி.யும் முடிக்காதவர். பெயர் ஆலன் மக்லியாட் கார்மாக்.

1924-ம் வருஷம் பிப்ரவரி 23-ந் தேதி தென்னாப்பிரிக்காவின் ஜோஹானஸ்பர்க்கில் பிறந்தார். பெற்றோர் முதல் உலகப் போருக்கு முன்பே ஸ்காட்லாந்தின் வட பகுதியிலிருந்து அங்கே குடியேறியவர்கள். அப்பா தபால் தந்தித் துறையில் எஞ்சினியர், அம்மா பள்ளி ஆசிரியை. மூன்று பிள்ளைகளில் இவர்தான் கடைக்குட்டி. 1936-ல் அப்பா காலமானார். பையனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. குடும்பம் கேப்டவுனுக்கு வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி, டென்னிஸ், நாடகம் என்று எல்லாவற்றிலும் இருந்தார். இவற்றோடு வானியல் பைத்தியமும் பிடித்துக்கொண்டது. எடிங்டன், ஜீன்ஸ் ஆகியோர் பொதுமக்களுக்காக எழுதிய புத்தகங்களை விழுந்து விழுந்து படித்தார். நட்சத்திரங்களைப் புரிந்துகொள்ளக் கணிதமும் இயற்பியலும் வேண்டும் என்பது அந்தப் புத்தகங்களிலிருந்தே அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் நட்சத்திரம் பார்த்துச் சோறு கிடைக்குமா? நம் வீடுகளில் கேட்கிற அதே கேள்வி அவருக்கும் எழுந்தது. வானியலில் வேலைவாய்ப்பு குறைவு. அப்பாவும் அண்ணனும் போன வழி எஞ்சினியரிங். எனவே கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரிகல் எஞ்சினியரிங்கில் சேர்ந்தார். ஒரு நல்ல காலம், அந்தப் பாடத்திட்டத்தில் கணிதமும் இயற்பியலும் நிறையவே இருந்தன. இரண்டு வருஷம் போல் படித்த பிறகுதான், தனக்குப் பிடித்தது எஞ்சினியரிங் இல்லை, அதற்குள் ஒளிந்திருக்கும் இயற்பியல்தான் என்பது அவருக்குப் புரிந்தது. எஞ்சினியரிங்கை விட்டுவிட்டு இயற்பியலுக்கு மாறினார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். அப்பா இல்லாத வீடு, கையில் நிச்சயமான தொழில் தரும் படிப்பு, அதைப் பாதியில் விடுவது சின்ன விஷயமா? நம் ஊரில் ஒரு பையன் இதைச் செய்தால் சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து புத்தி சொல்லிவிட்டுப் போவார்கள். கார்மாக் வீட்டில் என்ன பேச்சு நடந்ததோ, 1944-ல் பி.எஸ்ஸி. இயற்பியல் பட்டம் வாங்கினார். 1945-ல் படிகவியலில் எம்.எஸ்ஸி. முடித்தார். ஓய்வு நேரத்தில் மலையேற்றம். டேபிள் மவுண்டன் கண்ணெதிரே நிற்கிற ஊரில் வேறென்ன செய்வது!

அங்கே இயற்பியல் பேராசிரியராக இருந்தவர் ஆர்.டபிள்யூ. ஜேம்ஸ். இவரைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம். 1914-ல் ஷேக்கிள்டன் அண்டார்க்டிகாவுக்குக் கிளம்பிய எண்டூரன்ஸ் கப்பலில் இயற்பியலாளராகப் போனவர். கப்பலைப் பனிக்கட்டி நசுக்கிய பிறகும் உயிரோடு திரும்பி வந்தவர். பிறகு எக்ஸ்ரே படிகவியலில் பெரிய பெயர் எடுத்து, 1937-ல் கேப்டவுன் வந்தார். எக்ஸ்ரேயைப் படிகத்துக்குள் அனுப்பி, வெளியே வரும் சுவடுகளை வைத்து உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பதுதான் படிகவியல். உள்ளே எட்டிப் பார்க்க முடியாது, வெளியே கிடைப்பதிலிருந்து உள்ளதை ஊகிக்க வேண்டும். பத்து வருஷம் கழித்துக் கார்மாக் செய்த காரியத்துக்கும் இதற்கும் உறவு இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். இன்னொன்றும் பாருங்கள். அதே ஜேம்ஸிடம் அதே துறையில் எம்.எஸ்ஸி. படித்த இன்னொருவர் ஆரன் க்ளூக். எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களிலிருந்து வைரஸ்களின் முப்பரிமாண உருவத்தைக் கட்டும் வழியைக் கண்டவர், 1982-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர். ஒரே வாத்தியாரின் இரண்டு மாணவர்கள், இருவர் வேலையும் நிழலிலிருந்து உருவத்தை மீட்பது.

எம்.எஸ்ஸி.க்குப் பிறகு கார்மாக் இங்கிலாந்து போனார். கேம்பிரிட்ஜில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி, கேவண்டிஷ் ஆய்வுக்கூடம். அணுப்பிளவுக்கு விளக்கம் தந்த இருவரில் ஒருவரான ஆட்டோ ஃபிரிஷ்தான் வழிகாட்டி. ஹீலியம்-6 என்ற கதிரியக்க ஐசோடோப்பில் ஆராய்ச்சி. டிராக் நடத்திய குவாண்டம் மெக்கானிக்ஸ் வகுப்புக்கும் போனார். அந்த வகுப்பில் பார்பரா சீவி என்ற அமெரிக்க மாணவியைச் சந்தித்தார். டிராக்கின் வகுப்பில் காதல் அரும்பியது என்றால் நம் பேராசிரியர்கள் நம்ப மாட்டார்கள், ஆனால் நடந்தது அதுதான். கல்யாணம் செய்துகொள்ள வேண்டும், கையில் காசில்லை. பழைய வாத்தியார் ஜேம்ஸுக்கு வேலை ஏதாவது காலியாக இருக்கிறதா என்று எழுதிக் கேட்டார். விரிவுரையாளர் வேலை இருந்தது. ஆராய்ச்சிப் பட்டத்தை முடிக்காமலேயே 1950-ல் மனைவியோடு கேப்டவுன் திரும்பினார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பட்டத்தை வாங்கவே இல்லை.

கேப்டவுனில் இவர் ஒருவர்தான் அணுக்கரு இயற்பியல்காரர். பேசக்கூட ஆள் கிடையாது. பாடம் நடத்தினார், தன் ஆராய்ச்சியை முடிந்த அளவு செய்தார். இப்படியே ஆறு வருஷம் போயிற்று.

1956-ல்தான் திருப்பம். ஊரின் பெரிய ஆஸ்பத்திரி க்ரூட் ஸ்கூர். பின்னாளில், 1967 டிசம்பரில், உலகின் முதல் மனித இதய மாற்று அறுவை நடந்ததே, அதே ஆஸ்பத்திரிதான். அங்கிருந்த ஆஸ்பத்திரி இயற்பியலாளர் வேலையை விட்டுவிட்டார். கதிரியக்க ஐசோடோப்புகளைப் பயன்படுத்தும் இடத்தில் தகுதியுள்ள ஓர் இயற்பியலாளர் மேற்பார்வை பார்க்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஊரிலேயே இதற்குத் தகுதியானவர் கார்மாக் மட்டும்தான். அந்த வருஷத்தின் முதல் பாதியில் வாரத்துக்கு ஒன்றரை நாள் அங்கே போய் வேலை பார்க்க ஒத்துக்கொண்டார். மருத்துவத்துக்குத் தொண்டு செய்ய வேண்டும் என்ற லட்சியம் எல்லாம் இல்லை. ஆள் இல்லாத இடத்தை நிரப்பப் போனார், அவ்வளவுதான்.

போன இடத்தில் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை திட்டமிடுவதைப் பார்த்தார். அந்தக் காலத்தில் அதை எப்படிச் செய்தார்கள் என்று இன்றைய மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு கதிர்க்கற்றை உடம்புக்குள் போகப்போக எந்த ஆழத்தில் எவ்வளவு டோஸ் கிடைக்கும் என்று காட்டும் கோட்டுப் படங்கள் இருக்கும். ஐசோடோஸ் சார்ட் என்று பெயர். நோயாளியின் குறுக்குவெட்டு உருவத்தைத் தாளில் வரைந்து, ஒவ்வொரு திசையிலிருந்து வரும் கற்றைக்கும் ஒரு சார்ட்டை அதன் மேல் வைத்து, ஒன்றின் மேல் ஒன்று விழும் எண்களைக் கூட்டி, கட்டிக்குப் போதுமான டோஸ் போகிறதா, பக்கத்து உறுப்புகள் தப்பிக்கின்றனவா என்று பார்ப்பார்கள். கையால் போடும் கணக்கு. இதில் ஒரு பெரிய ஓட்டை. அந்தச் சார்ட்டுகள் உடம்பு முழுக்க ஒரே பொருளால், கிட்டத்தட்டத் தண்ணீரால் ஆனது என்று வைத்துக்கொண்டு தயாரித்தவை. ஆனால் நுரையீரல் காற்றுப் பை, எலும்பு கெட்டி. கற்றை நுரையீரல் வழியாகப் போனால் குறைவாகத் தேயும், எலும்பு வழியாகப் போனால் அதிகம் தேயும். தாளில் போட்ட கணக்கு ஒன்று, உள்ளே நடப்பது வேறு. கட்டிக்கு டோஸ் குறைந்தால் நோய் திரும்பும், நல்ல திசுவுக்கு அதிகமானால் அது வெந்துபோகும்.

தினம் அந்த வேலையிலேயே ஊறியிருந்தவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். வெளியிலிருந்து வந்த கார்மாக்குக்கு உறுத்தியது. உடம்பின் ஒவ்வொரு புள்ளியிலும் கதிர் எவ்வளவு தேய்கிறது என்ற எண் முதலில் தெரிந்தால்தானே ஒழுங்காகக் கணக்குப் போட முடியும்? அந்த எண்களை உடம்பை அறுக்காமல், வெளியிலிருந்து அளந்தே கண்டுபிடிக்க வழி உண்டா? பல திசைகளில் கதிரை விட்டு, மறுபக்கம் எவ்வளவு வெளியே வருகிறது என்று அளந்தால் போதுமா? கிடைக்கும் எண்களைக் கட்டம் கட்டமாக வரைந்தால் அதுவே உடம்பின் உட்புறப் படமாக ஆகிவிடும் என்பதும் அவருக்கு உடனே தெரிந்தது.

கணக்கைச் சின்ன விளையாட்டாகச் சொல்கிறேன். ஒரு சதுரத்தில் நான்கு கட்டம். மேல் வரிசையின் கூட்டுத்தொகை 5, கீழ் வரிசை 9. இடது பத்தி 6, வலது பத்தி 8. கட்டங்களில் என்ன எண்கள்? மேலே 2, 3, கீழே 4, 5 என்று போட்டால் சரியாக வருகிறது. ஆனால் மேலே 1, 4, கீழே 5, 4 என்று போட்டாலும் சரியாகத்தான் வருகிறது! இரண்டு திசை போதாது. சாய்வாக ஒரு கூட்டல் கேளுங்கள். இடது மேல் மூலையும் வலது கீழ் மூலையும் சேர்ந்து 7 என்றால் முதல் விடைதான் சரி, 5 என்றால் இரண்டாவது. இப்போது நான்கு கட்டத்துக்குப் பதில் ஆயிரக்கணக்கான கட்டம், மூன்று திசைக்குப் பதில் நூற்றுக்கணக்கான திசை. ஒவ்வொரு கதிரும் தான் கடந்த பாதையின் கூட்டுத்தொகையைச் சொல்லும். வெளியே வரும் கதிரின் அளவுக்கு லாகரிதம் எடுத்தால் அந்தக் கூட்டுத்தொகை கிடைக்கும். இது பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷப் பையனுக்குத் தெரிந்த விதிதான். கூட்டுத்தொகைகளிலிருந்து கட்டங்களை மீட்பதுதான் கஷ்டம்.

இதை எவராவது முன்பே செய்திருப்பார்கள் என்று நினைத்துத் தேடினார், எதுவும் அகப்படவில்லை. தானே உட்கார்ந்து தீர்த்தார். உண்மையில் யோஹான் ராடோன் என்ற ஆஸ்திரியக் கணித மேதை 1917-லேயே இதைத் தீர்த்து வைத்துவிட்டார். அது கார்மாக்குக்குத் தெரிய வந்தது 14 வருஷம் கழித்து! இன்னொரு வேடிக்கை. அவர் ஆஸ்பத்திரிக்குப் போன அதே 1956-ல் ரேடியோ வானியல்காரரான பிரேஸ்வெல், வானத்தை வரைபடமாக்க இதே மாதிரிக் கணக்கை வெளியிட்டார். பிழைப்புக்கு ஆகாது என்று கார்மாக் விட்டு வந்த வானியலிலேயே அதே கணக்கு நடந்துகொண்டிருந்தது.

1957-ல் முதல் சோதனை. கோபால்ட்-60 காமாக் கதிர், வட்டமான மாதிரி ஒன்று: நடுவே அலுமினியம், சுற்றிலும் மரம். வட்டமாக இருப்பதால் எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் ஒன்றுதான், ஒரு திசையில் அளந்தாலே போதும். கணக்குப் போட்டுப் பார்த்தால் எல்லாம் ஒத்து வருகிறது, நட்ட நடு மையத்தில் மட்டும் எண் கொஞ்சம் குறைகிறது. நம்மில் பலர் கருவிப் பிழை என்று நோட்டில் எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருப்போம். அவர் பட்டறையில் போய் விசாரித்தார். அலுமினிய வட்டின் மையத்தில் பட்டறைக்காரர்கள் வேறு ரக அலுமினிய முளை ஒன்றை அடித்து இறுக்கியிருந்தார்கள். கார்மாக்குக்கே தெரியாமல் இருந்த முளையைக் கணக்கு காட்டிக் கொடுத்துவிட்டது. இதைவிட நல்ல சோதனை வேறு என்ன வேண்டும்?

அந்த வருஷமே அமெரிக்கா போய் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவருடைய முக்கிய வேலை அணுக்கரு, துகள் இயற்பியல்தான். இந்த உள்ளுறுப்புக் கணக்கு ஓய்வு கிடைத்தபோது எடுத்துப் பார்க்கும் பொழுதுபோக்கு போல. 1963-ல் வட்டச் சமச்சீர் இல்லாத மாதிரி ஒன்றை வைத்து அளந்தார். மண்டை ஓட்டுக்குப் பதில் அலுமினிய வளையம், உள்ளே மூளைக்குப் பதில் பிளாஸ்டிக், கட்டிகளுக்குப் பதில் இரண்டு அலுமினிய வட்டுகள். வட்டுகள் இருந்த இடம் கணக்கில் துல்லியமாக விழுந்தது. 1963, 1964 ஆண்டுகளில் ஜர்னல் ஆஃப் அப்ளைடு பிசிக்ஸ் இதழில் இரண்டு கட்டுரைகள் வெளியாயின.

உலகம் என்ன செய்தது தெரியுமா? ஒன்றுமே செய்யவில்லை. டாக்டர்கள் அந்த இதழைப் படிப்பதில்லை, படிக்கிற இயற்பியலாளர்களுக்கோ ஆஸ்பத்திரியில் என்ன கஷ்டம் என்று தெரியாது. கட்டுரைப் பிரதி கேட்டு வந்த ஒருசில கடிதங்களில் சுவாரசியமானது சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது. மலை மேல் படிந்த பனியை அளக்க உதவுமா என்பதற்காக! உதவும்தான், கதிர் மூலத்தையோ அளக்கும் கருவியையோ மலைக்குள் கொண்டுபோய் வைக்க முடிந்தால். கார்மாக் சிரித்துக்கொண்டு தன் வழக்கமான வேலைக்குத் திரும்பிவிட்டார்.

இங்கிலாந்தில் ஈ.எம்.ஐ. கம்பெனியில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற எஞ்சினியர், கார்மாக்கின் வேலை தெரியாமலே இதே யோசனைக்கு வந்து சேர்ந்தார். அவரிடம் பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது, ஃபாரடே ஹவுஸ் கல்லூரி டிப்ளமோதான். பரிசோதனைக்கூடத்தில் அவருடைய முதல் அளவுகளை எடுக்க ஒன்பது நாள் பிடித்தது. ஆனால் விடவில்லை. 1971 அக்டோபர் 1-ந் தேதி லண்டனில் அட்கின்சன் மார்லி ஆஸ்பத்திரியில் முதல் நோயாளியின் மூளை ஸ்கேன் எடுக்கப்பட்டது. 80-க்கு 80 கட்டம் கொண்ட படம். நம் நாலு கட்ட விளையாட்டு 6,400 கட்டமாகிவிட்டது. அதுவரை மூளைக்குள் கட்டி எங்கே என்று பார்க்க, முதுகுத் தண்டு வழியாகக் காற்றைச் செலுத்தி நோயாளியைப் படாத பாடு படுத்தி எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வேதனை முடிவுக்கு வந்தது.

1979-ல் மருத்துவ நோபல் பரிசு கார்மாக்குக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் சேர்த்துக் கிடைத்தது. இருவரும் டாக்டர் இல்லை, இருவரிடமும் ஆராய்ச்சி செய்து வாங்கிய பிஎச்.டி. பட்டமும் இல்லை.

இதைப் படித்துவிட்டு, பட்டமே வேண்டாம் போலிருக்கிறதே என்று எந்தத் தம்பியும் தங்கையும் நினைத்துவிட வேண்டாம்! அது 1956. ஊருக்கு ஒரே ஆள் என்ற தகுதியில் ஆஸ்பத்திரிக்குள் நுழைய இன்று முடியாது. நம் நாட்டில் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் மெடிக்கல் பிசிசிஸ்டாக இருக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வகுத்த தகுதி வேண்டும். வழி இரண்டு. எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்து, அதன் மேல் ரேடியாலஜிகல் பிசிக்ஸ் டிப்ளமோ. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் நடப்பது இதில் பழையது, பெயர் பெற்றது. இல்லாவிட்டால் இயற்பியலை முக்கியப் பாடமாகக் கொண்ட பி.எஸ்ஸி.க்குப் பிறகு நேராக எம்.எஸ்ஸி. மெடிக்கல் பிசிக்ஸ். இது அண்ணா பல்கலைக்கழகத்திலும் பாரதியார் பல்கலைக்கழகத்திலும் உண்டு. எந்த வழியில் போனாலும் அங்கீகாரம் பெற்ற சிகிச்சைப் பிரிவில் ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப் கட்டாயம். இரண்டு வழிக்கும் அடியில் இருப்பது இயற்பியல் இளங்கலைதான். பயோமெடிக்கல் எஞ்சினியரிங் நல்ல படிப்பு, ஆனால் அது கருவி செய்பவர்களின் பாதை, ஹவுன்ஸ்ஃபீல்டு வகை. டோஸ் கணக்குக்குக் கையெழுத்துப் போடும் நாற்காலிக்கு அது நேர் வழி இல்லை. பி.எஸ்ஸி.யில் அலைடு பாடமாகக் கணிதத்தைக் கடனே என்று படிக்கிறவர்கள் கார்மாக்கை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது அலைடாக வேதியியலா கம்ப்யூட்டரா என்று கேட்டால், நான் கம்ப்யூட்டர் என்பேன். உடற்கூறு தெரியாதே என்ற பயம் வேண்டாம், அதை எம்.எஸ்ஸி.யில் சொல்லித் தருவார்கள். லைன் இன்டெக்ரல் அங்கே புதிதாகச் சொல்லித் தரமாட்டார்கள்.

பரிசுக்குப் பிறகும் கார்மாக் டஃப்ட்ஸில்தான் இருந்தார். அதற்கு முன்பே 1968 முதல் 1976 வரை அங்கே இயற்பியல் துறைத் தலைவர். எக்ஸ்ரேக்குப் பதில் புரோட்டான் கற்றையால் உட்புறத்தைப் படமெடுக்க முடியுமா என்று 1970-களில் ஹார்வர்டு சைக்ளோட்ரானில் சோதித்துப் பார்த்தார். அந்த யோசனைக்கான விதை 1963-ம் வருஷக் கட்டுரையிலேயே இருந்தது. பிற்காலத்தில் அவர் அதிகம் ஈடுபட்டது ராடோன் கணக்கின் சுத்தக் கணித விரிவாக்கங்களில். 1990-ல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் கிடைத்தது.

1998 மே 7-ந் தேதி மாசசூசெட்ஸ் மாநிலம் வின்செஸ்டரில் காலமானார். நோய், புற்றுநோய். 2002-ல் தென்னாப்பிரிக்க அரசு மாபுங்குப்வே விருதை அவர் மறைவுக்குப் பின் வழங்கிக் கௌரவித்தது. க்ரூட் ஸ்கூரில் அவர் வேலை பார்த்தது மொத்தமே ஆறு மாசம், வாரத்துக்கு ஒன்றரை நாள்.